அடிப்பகுதி விரிசலும் சூளை வெடிப்பும்: வீட்டு மட்பாண்டக் கூடத்தில் குறையின் காரணத்தைக் கண்டறிவது எப்படி?

செராஸ்வாசி:

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செராஸில் உள்ள எங்கள் வரிசை வீட்டின் பின்கட்டில் ஒரு சக்கரமும் ஒரு சிறிய மின்சூளையும் வைத்து, ஸ்டோன்வேர் எனப்படும், உயர்ந்த வெப்பத்தில் சுட்டு இறுகச்செய்யும் களிமண்ணில் கிண்ணங்களும் குவளைகளும் செய்து வருகிறேன். வகுப்பில் பயின்றபோது தலைகாட்டாத இரண்டு குறைகள் வீட்டில் திரும்பத் திரும்ப வருகின்றன. கிண்ணங்களின் அடியில், நடுவிலிருந்து இரு பக்கமும் வளைந்து ஓடும் விரிசல் ஒன்று. மேற்பூச்சு பூசும் முன் செய்யும் முதல் சுடலிலேயே சில கலங்கள் வெடித்து, பக்கத்தில் இருப்பவற்றையும் உடைத்துவிடுவது மற்றொன்று.

செய்த கலங்களை நெகிழித் தட்டில் அடுக்கி, மின்விசிறியின் கீழ் பல நாள் உலர்த்திய பிறகுதான் சூளையில் ஏற்றுகிறேன். தொட்டுப் பார்த்தால் நன்றாகக் காய்ந்திருப்பதாகவே தோன்றுகிறது. கடந்த சுற்றில் வேறொரு நிறுவனத்தின் மண்ணை வாங்கி, அதிக நேரம் பிசைந்து, சூளையின் வேகத்தையும் குறைத்தேன். வெடிப்பு குறைந்தது, ஆனால் இம்மூன்றில் எது அதற்குக் காரணம் என்று சொல்ல முடியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கெப்போங் மண்:

வணக்கம் சகோதரி. வெடிப்புக்குக் காரணம் மண்ணுக்குள் அடைபட்ட காற்றுக்குமிழிகள்தாம் என்று எனக்குக் கற்பித்தவர் சொல்வார். நீங்கள் கூடுதலாகப் பிசைந்ததால்தான் குறைந்திருக்க வேண்டும். மண்ணை மாற்றியது தேவையற்ற செலவு என்றே நினைக்கிறேன்.

பினாங்குச் சூளை:

காற்றுக்குமிழியைப் பற்றிய அந்தக் கருத்து ஏறக்குறைய எல்லா வகுப்பறைகளிலும் சொல்லப்படுகிறது, ஆயினும் அது சரியன்று. உள்ளே வெற்றிடம் விட்டு முழுவதும் மூடப்பட்ட கலத்தைக்கூட, மண் உண்மையிலேயே உலர்ந்திருந்தால், வெடிக்காமல் சுட முடியும். வெடிக்கச் செய்வது நீர். நீர் கொதித்து ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். வெப்பம் 100 டிகிரியைக் கடக்கும் வேகத்தில் அந்த ஆவி மண்ணின் நுண்துளைகள் வழியே வெளியேற முடியாவிட்டால் சுவர் பிளந்துவிடும். தடித்த அடிப்பகுதியே பெரும்பாலும் முதலில் போவதற்கும் இதுவே காரணம். பிசைவது அவசியம்தான், ஆனால் அதன் பயன் வேறு: குமிழி இருந்தால் சக்கரத்தில் கலத்தை மையப்படுத்துவதும் சுவரை ஒரே கனமாக உயர்த்துவதும் கடினமாகும்.

நம் நாட்டு வீட்டுக் கூடங்களில் இந்தக் குறை அதிகம் காணப்படுவதற்குத் தட்பவெப்பமே பின்னணி என்று உறுதியாகச் சொல்வேன். கோலாலம்பூரானாலும் பினாங்கானாலும் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது, விடியற்காலையில் 90ஐத் தாண்டுகிறது. களிமண் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு சமநிலைக்கு வரும் வரைதான் உலரும். ஆகவே இங்கே அலமாரியில் எவ்வளவு காலம் வைத்தாலும், குளிர்நாட்டவர் எழுதிய கையேடுகள் சொல்லும் உலர்நிலையை ஒரு கலம் அடைவதில்லை. அந்தக் கையேடுகளில் உள்ள சுடல் அட்டவணையை அப்படியே பின்பற்றுவதும் ஆபத்து, ஏனெனில் அவற்றை எழுதியவர்களின் காற்று வேறு.

செய்ய வேண்டியது இதுதான். உலரும் கலம் ஒன்றைச் சமையல் தராசில் நாள்தோறும் நிறுத்து எழுதி வாருங்கள். எடை மாறாமல் நின்ற பிறகே சூளையில் ஏற்றுங்கள். ஏற்றிய பின் 90 டிகிரியைத் தாண்டாமல், மேல் துவாரத்தைத் திறந்து வைத்து, வெப்பத்தைச் சில மணி நேரம் அதே அளவில் நிறுத்தி வையுங்கள். துவாரத்தின் வாயருகே ஒரு சிறு கண்ணாடியைக் காட்டினால், நீராவி வந்துகொண்டிருக்கும் வரை அது மங்கலாகும். கண்ணாடி தெளிவாகவே இருக்கும்போது வெப்பத்தை ஏற்றலாம். அதற்குப் பிறகும், 450 முதல் 600 டிகிரி வரையிலான கட்டத்தில், களிமண்ணின் மூலக்கூறுகளோடு பிணைந்திருந்த நீர் வெளியேறுகிறது. அதே கட்டத்தில், 573 டிகிரியில், மண்ணிலுள்ள குவார்ட்ஸ் துகள்கள் திடீரென விரிகின்றன. அந்தப் பகுதியில் மணிக்கு 100 டிகிரிக்கு மேல் ஓட்டாதீர்கள்.

மட்கலை ஆசிரியை:

பெட்டாலிங் ஜெயாவில் சிறு வகுப்பு நடத்துகிறேன். ஐயா வெடிப்பைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். அடிப்பகுதி விரிசலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஸ்டோன்வேர் மண் உலரும்போது ஐந்தாறு விழுக்காடு சுருங்கும். நெகிழித் தட்டில், மின்விசிறியின் கீழ் வைத்த கிண்ணத்தின் விளிம்பு முதலில் உலர்ந்து, சுருங்கி, இறுகிவிடுகிறது. நெகிழியின் மேல் அமர்ந்திருக்கும் அடிப்பகுதிக்கோ காற்றே படுவதில்லை. பிறகு அடி தன் முறைக்குச் சுருங்கத் தொடங்கும்போது, சுற்றிலும் இறுகி நிற்கும் பகுதி அதற்கு இடம் கொடுக்காது, ஆகவே நடுவில் பிளக்கிறது. சக்கரத்தில் செய்யும்போது அடியை அழுத்தி இறுக்காமல் விட்டாலோ, உள்ளே தேங்கிய நீரைப் பஞ்சால் ஒற்றி எடுக்காமல் விட்டாலோ, அந்த இடம் மேலும் நலிந்திருக்கும். சக்கரம் சுழலும் திசையில் மண் துகள்கள் அணிவகுத்திருப்பதால் விரிசலும் வளைந்த வடிவம் கொள்கிறது.

விசிறியை நிறுத்திவிட்டு, விளிம்பின் மேல் மட்டும் மெல்லிய நெகிழித் தாளை இட்டு மூடுங்கள். விளிம்பு தன் எடையைத் தாங்கும் அளவு இறுகியதும், ஜிப்சம் பலகையின் மேல் கலத்தைக் கவிழ்த்து வையுங்கள். ஜிப்சம் பலகையின் தூளோ சில்லோ மண்ணில் கலக்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம். அப்படிக் கலந்த சில்லு, சுட்ட பிறகு காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, சுவரில் பொத்துக்கொண்டு வெளிவரும்.

இன்னொன்று. விரிசல் விட்ட கலங்களைக் குப்பையில் போடும் முன் அவற்றை ஊன்றிப் படியுங்கள். கிளேஸ் (சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் மேற்பூச்சு) பூசிச் சுட்ட ஒரு கலத்தில், விரிசலின் இரு கரைகளிலும் கிளேஸ் உருகி, மழுங்கி, உள்ளே வழிந்திருந்தால், அந்த விரிசல் உலரும்போதோ வெப்பம் ஏறும்போதோ உண்டானது. கரை கத்தி போலக் கூர்மையாக இருந்தால், கிளேஸ் இறுகிய பிறகு, அதாவது சூளை ஆறும்போது உண்டானது. முன்னதற்கு மருந்து உலர்த்தும் முறையில் இருக்கிறது. பின்னதற்கு, சூளையை மெதுவாக ஆறவிடுவதிலும் 100 டிகிரிக்குக் கீழே வரும் வரை மூடியைத் திறவாமல் இருப்பதிலும் இருக்கிறது. இந்த வேறுபாட்டை அறியாதவர்கள் உலர்த்தலில் உள்ள குறைக்காகச் சூளையை மாதக்கணக்கில் திருத்திக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

செராஸ்வாசி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கிளேஸ் பூசிச் சுட்டவற்றில் விரிசல் விட்டவற்றை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கரைகள் மழுங்கியே இருக்கின்றன. ஆகவே உலர்த்தும் முறையை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்து அடுத்த சுற்றைச் செய்கிறேன்.

இதற்கிடையே மற்றொரு கேள்வி. நான் கடையில் வாங்கிய கிளேஸ், கலம் சூளையிலிருந்து வெளிவந்த சில நாட்களில் மெல்லிய வலைபோலக் கீறல் விடுகிறது. கிளேஸை நானே கலந்து பார்க்க ஆவலாக இருக்கிறது. கெடாவில் உள்ள உறவினர் வீட்டருகே நெல் ஆலை இருப்பதால் உமிச்சாம்பலும் கிடைக்கும். இது வீட்டில் செய்யக்கூடிய சோதனைதானா?

ஜார்ஜ்டவுன் அஞ்சடி:

சகோதரிக்கு ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். சோதனை செய், தவறு செய், கற்றுக்கொள் என்று மட்பாண்டக் கலையில் எல்லாரும் ஊக்குவிக்கிறார்கள். ஒரு சூளை நிறைய கலங்கள் கெட்டால் மண், கிளேஸ், மின்சாரம், இவற்றோடு சில வார உழைப்பும் போகிறது. தவறு தானாக எதையும் கற்பிப்பதில்லை. பத்தாண்டுகளாக அதே தவறைச் செய்பவர்களும் உண்டு. குயவர் குடும்பங்களில் பிள்ளைகள் மூத்தவர்களின் கைக்குக் கீழே பல ஆண்டுகள் இருந்துதான் கற்றார்கள். ஒவ்வொருவரும் புதிதாகத் தவறி விழுந்து கற்கவில்லை. அடிப்படை கைவரும் வரை, தேர்ந்த நிறுவனங்கள் சோதித்து விற்கும் மண்ணையும் அதற்குப் பொருந்தும் கிளேஸையும் வாங்கிப் பயன்படுத்துவதே முறை என்பது என் உறுதியான எண்ணம்.

பினாங்குச் சூளை:

அஞ்சடி அவர்கள் சொன்னதில் பாதியை நான் அப்படியே ஏற்கிறேன்: தவறு தானாகக் கற்பிப்பதில்லை. இந்த இழையின் முதல் பதிவிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. மூன்றை ஒருசேர மாற்றிய சுற்று நல்ல கலங்களைத் தந்தது, ஆனால் எந்த அறிவையும் தரவில்லை. அதே மூன்றையும் தனித்தனியாக மாற்றியிருந்தால், கெட்ட கலம்கூடப் பதில் சொல்லியிருக்கும். மூத்தவர்களின் கைக்குக் கீழே கற்றவர்களுக்கு இந்த வேலையைத் தலைமுறைகளின் நினைவு செய்தது. பின்கட்டில் தனியாக அமர்ந்து செய்யும் நமக்கு அந்த நினைவு இல்லை. அதன் இடத்தில் ஒரு குறிப்பேடு இருந்தாக வேண்டும்.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற மட்பாண்டத் தொழிலதிபர், ஜாஸ்பர் என்ற தம் புதுவகை மண்கலவையை உருவாக்க ஆயிரக்கணக்கான சிறு மாதிரித் துண்டுகளைச் சுட்டார். ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு, அந்த எண்ணுக்குரிய கலவையைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். போட்டியாளர்கள் படித்துவிடக் கூடாது என்பதற்காகச் சங்கேதக் குறிகளையும் பயன்படுத்தினார். மண் சுடும்போது சுருங்கும் அளவைக் கொண்டே சூளையின் வெப்பத்தை அளக்கும் கருவியொன்றையும் அமைத்து, 1782இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சபைக்கு அறிவித்தார். மறு ஆண்டு அச்சபை அவரை உறுப்பினராக்கிக்கொண்டது. அவருடைய வழியில் நமக்கு வேண்டியது, சிறியதாகச் சோதிப்பதும் எண்ணிட்டு எழுதுவதும்தான். சூளை நிறையக் கிண்ணங்களை வைத்துச் சோதிக்க வேண்டிய தேவையே இல்லை. கட்டைவிரல் அகலமுள்ள மண்வில்லைகளை, வழக்கமான சுடலின்போது தட்டில் மீந்திருக்கும் இடத்தில் வைத்தால் கூடுதல் மின்சாரமும் ஆகாது.

இனி அந்த வலைக்கீறல். ஆறும்போது கிளேஸ் மண்ணைவிட அதிகமாகச் சுருங்குவதே அதற்குக் காரணம். சோடியமும் பொட்டாசியமும் மிகுந்த கிளேஸ்கள் அதிகம் சுருங்கும். சிலிக்கா அதைக் குறைக்கும். ஆகவே உங்கள் கிளேஸின் உலர்ந்த தூளை ஐந்து பங்காகப் பிரித்து, முதல் பங்கை அப்படியே விட்டு, மற்ற நான்கில் 5, 10, 15, 20 விழுக்காடு என்ற வரிசையில் நுண்ணிய சிலிக்காத் தூளைச் சேருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வில்லையை ஒரே கால அளவு முக்கி எடுத்து, ஒரே தட்டில், ஒரே சுடலில் சுடுங்கள். வில்லையின் பின்புறம் எண்ணை இரும்பு ஆக்சைடு கரைசலால் எழுதினால் அழியாது. சிலிக்கா ஏற ஏறக் கீறல் அரிதாகி, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். மேலும் சேர்த்தால் கிளேஸ் சரிவர உருகாமல் பளபளப்பை இழக்கும். அந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையில் உங்களுக்கு வேண்டிய கலவை இருக்கிறது. இவ்வரிசையில் கெட்ட வில்லைகள்தாம் எல்லை எங்கே என்று காட்டுகின்றன என்பதால், அவற்றையும் நூலில் கோத்துச் சுவரில் தொங்கவிடுங்கள். சுட்ட மறுநாளே முடிவு கட்டாதீர்கள். கொதிநீரிலும் பனிக்கட்டி நீரிலும் மாறி மாறி முக்கினால் ஒளிந்திருக்கும் கீறல் வெளிப்படும்.

உமிச்சாம்பல் நல்ல பொருள். அதில் 90 விழுக்காட்டை ஒட்டி சிலிக்காவே இருக்கிறது. ஆகவே அதைத் தனியாகப் பூசினால் உருகாது; உருக உதவும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத் தூளும் சுண்ணாம்பும் சேர்த்தால்தான் கிளேஸாகும். ஆலையில் கிடைப்பது கரி கலந்த கருஞ்சாம்பலாக இருந்தால், ஒரு மண்சட்டியில் இட்டு முதல் சுடலின்போது சூளையில் வைத்து எரித்தெடுங்கள், அதன் பிறகு நிறுங்கள். கரியோடு நிறுத்தால் ஒவ்வொரு முறையும் அளவு மாறிவிடும். சாம்பலையும் சிலிக்காத் தூளையும் கையாளும்போது என்95 முகக்கவசம் கட்டாயம். சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கி, ஆறாத நோயை உண்டாக்கும். கூடத்தை ஒருபோதும் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

ஜார்ஜ்டவுன் அஞ்சடி:

வில்லைகளில் சோதிப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அப்படிக் கிடைத்த கலவையை உடனே சாப்பாட்டுத் தட்டில் பூசி உறவினர்களுக்குக் கொடுப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதே என் கவலை.

மட்கலை ஆசிரியை:

அந்தக் கவலை நியாயமானது. என் மாணவர்களிடம் நான் வற்புறுத்துவதைச் சொல்கிறேன். ஈயமோ காட்மியமோ கலந்த எந்தப் பொருளையும் வீட்டுக் கூடத்திற்குள் கொண்டுவரக் கூடாது, ஏனெனில் அவை கலத்திலிருந்து உணவில் கசிகின்றனவா என்பதை ஆய்வுக்கூடம் இன்றி உறுதிசெய்ய முடியாது. செம்பு மிகுந்த பச்சைக் கிளேஸைக் கலத்தின் வெளிப்புறத்திற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பூசும் கிளேஸை வில்லையில் பூசிச் சுட்டு, பாதி மூழ்கும்படி ஒரு நாள் முழுவதும் வினிகரில் வையுங்கள். மூழ்கிய பாதியின் நிறமோ மினுமினுப்போ மாறியிருந்தால், அந்தக் கிளேஸ் புளிக்குழம்புக்கும் ரசத்துக்கும் ஏற்றதன்று. மாறாவிட்டாலும் முழுச் சான்றிதழ் கிடைத்ததாகக் கொள்ளாதீர்கள். வெளிப்படையாகக் கெட்டதை விலக்க மட்டுமே இச்சோதனை உதவும்.

அடுத்து மண்ணையும் சோதிக்க வேண்டும். கிளேஸ் பூசாத துண்டொன்றை முழு வெப்பத்தில் சுட்டு, நிறுத்து, சில மணி நேரம் நீரில் கொதிக்கவிட்டு, இரவெல்லாம் அந்நீரிலேயே ஊறவைத்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுங்கள். எடை கூடியது மூன்று விழுக்காட்டுக்கு மேல் என்றால் மண் இன்னும் நீரை உறிஞ்சுகிறது என்று பொருள். கிளேஸில் கீறலும் மண்ணில் நீருறிஞ்சலும் சேர்ந்த குவளை, நம் ஊர் வெப்பத்தில் விரைவில் நாற்றமெடுக்கும்.

கெப்போங் மண்:

காற்றுக்குமிழி பற்றிய திருத்தத்திற்கு நன்றி ஐயா. தொடர்புடைய ஐயம் ஒன்று: இதே ஸ்டோன்வேர் மண்ணில் பொங்கல் பானை செய்து, நீருறிஞ்சாத அளவு நன்றாகச் சுட்டால், கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்கு வரும் பானையைவிட அது உறுதியாக இருக்குமல்லவா?

மட்கலை ஆசிரியை:

தம்பி, அடுப்பில் ஏற்றினால் அதுதான் முதலில் பிளக்கும். நெருப்பு நேரடியாகப் படும் பானையின் ஒரு பக்கம் விரிய, மற்றொரு பக்கம் விரியாமல் நிற்கும். இறுக்கமாகச் சுட்ட ஸ்டோன்வேருக்கு அந்த இழுவையைத் தாங்கும் தன்மை கிடையாது. குறைந்த வெப்பத்தில் சுட்ட, மணல் கலந்த பானையிலோ எண்ணற்ற துளைகளும் மணற்பருக்கைகளும் இருப்பதால், நுண்ணிய பிளவு ஒன்று தொடங்கினாலும் தொலைவு ஓடாமல் அங்கங்கே நின்றுவிடும். தட்டுப்பலகையால் தட்டித் தட்டி மெல்லிதாகவும் உருண்டையாகவும் ஆக்கிய சுவரில் வெப்பம் சீராகப் பரவுகிறது. அந்தக் குயவர்களின் பானையில் நாம் குறையென்று எண்ணும் துளைகளே அதன் பணிக்கு உரியவை. முடிந்தால் ஒரு முறை அங்கே போய் அவர்கள் மண் பதப்படுத்துவதைப் பாருங்கள். எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம் அது.

பினாங்குச் சூளை:

இடையில் ஒரு எச்சரிக்கை. கழித்த மண்ணை ஊறவைக்கும் வாளிகளில் களி அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். ஏடிஸ் கொசு முட்டையிட விரும்புவது அத்தகைய தெளிந்த நீரைத்தான். டிங்கி பரவும் வட்டாரங்களில் சுகாதார அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து பார்த்து, கொசுப்புழு இருந்தால் நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அபராதம் விதிப்பார்கள். அபராதத்தைவிட, வீட்டிலுள்ள குழந்தைகளையும் முதியவர்களையும் எண்ணியாவது வாளிகளை இறுக மூடுங்கள்.

செராஸ்வாசி:

அடுத்த சுற்றின் விவரத்தைத் தெரிவிக்கிறேன். மண், பிசைதல், சூளையின் வேகம் எதையும் மாற்றவில்லை. பாதிக் கிண்ணங்களைப் பழையபடி மின்விசிறியின் கீழும், மறுபாதியை விளிம்பை மூடிப் பின்னர் ஜிப்சம் பலகையில் கவிழ்த்தும் உலர்த்தினேன். விசிறியின் கீழ் வைத்தவற்றில் சில பிளந்தன. கவிழ்த்து வைத்தவற்றில் ஒன்றும் பிளக்கவில்லை. ஏற்றும் முன் எல்லாக் கலங்களும் எடை மாறாமல் நிற்கும் வரை காத்திருந்து, 90 டிகிரியில் கண்ணாடி தெளியும் வரை நிறுத்தியதால் வெடிப்பும் இல்லை. கண்ணாடி தெளிவதற்கு நான் எதிர்பார்த்ததைவிட மிக நீண்ட நேரம் பிடித்தது. கலங்களில் அவ்வளவு நீர் மிச்சமிருந்திருக்கிறது என்பது வியப்பாக இருந்தது.

சிலிக்கா வரிசையில் 10 விழுக்காட்டு வில்லை கீறலின்றி இருக்கிறது. ஆனால் 15, 20 ஆகிய இரண்டும் பால்போல மங்கிவிட்டன. கோன் 6க்கு (கோன் என்பது சூளையின் வெப்பத்தைக் காட்ட உள்ளே வைக்கும், உரிய வெப்பத்தில் இளகிச் சாயும் எண்ணிட்ட சிறு கூம்பு) உரியதெனச் சூளையின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் 1222 டிகிரி வைத்திருந்தேன். உள்ளே வைத்த கோன் 6 சிறிதளவே சாய்ந்திருந்தது. அப்படியானால் மங்கலுக்குக் காரணம் சிலிக்காவா, வெப்பக் குறைவா?

பினாங்குச் சூளை:

நீங்கள் கோனை வைத்துப் பார்த்ததால்தான் இந்தக் கேள்வியே எழுந்தது. மிக நல்ல செயல். கோன் அளப்பது வெப்பநிலையை மட்டுமன்று, அந்த வெப்பத்தில் கலம் இருந்த நேரத்தையும் சேர்த்து. இறுதிக் கட்டத்தில் மணிக்கு 60 டிகிரி வேகத்தில் ஏறினால்தான் கோன் 6 ஏறக்குறைய 1222இல் முழுமையாகச் சாயும். வேகம் 150 என்றால் 1240ஐத் தாண்ட வேண்டியிருக்கும். உங்கள் பெட்டியில் இறுதி வேகம் என்னவென்று பாருங்கள். வெப்பமானியின் கம்பி பழகப் பழகத் தவறாகக் காட்டுவதும் உண்டு.

அதே ஐந்து கலவைகளையும் மறுபடி சுடுங்கள். கலவையில் கை வைக்காமல், இறுதி 100 டிகிரியை மணிக்கு 60 என்ற வேகத்தில் ஏற்றி, மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு மூன்றிலும் கோன் 5, 6, 7 வையுங்கள். கோன் 6 சரியாகச் சாய்ந்த தட்டிலும் 15 விழுக்காட்டு வில்லை மங்கினால் காரணம் சிலிக்கா. அங்கே அது தெளிந்துவிட்டால், இதுவரை நீங்கள் சுட்ட எல்லாவற்றையும் கோன் 6 என்று குறித்த இடத்தில் திருத்தி எழுத வேண்டியிருக்கும். மண் துண்டின் நீருறிஞ்சல் சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும்.

மேலும், மூன்று கிலோவாட் சூளையை 13 ஆம்பியர் சாதாரண பிளக்கில் செருகியிருந்தால், சுடலின் கடைசி மணி நேரங்களில் பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடேறியிருந்தால் அடுத்த சுடலுக்கு முன்பே, பதிவு பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சூளைக்கெனத் தனி இணைப்பு போட்டுவிடுங்கள்.

செராஸ்வாசி:

பார்த்தேன் ஐயா. இறுதி வேகம் மணிக்கு 150 என்றே பெட்டியில் இருக்கிறது. பிளக்கும் சூடாகிறது. மின்பணியாளர் வந்து இணைப்பை முடித்த பிறகு, அதே ஐந்து வில்லைகளை மூன்று தட்டுகளிலும் வைத்துச் சுட்டு, கோன்களின் படங்களோடு இங்கேயே பதிவிடுகிறேன்.